செக்டர் ஃபைவில் லெவல் ஃபைவ்: அன்றும் இன்றும்

கொல்கத்தாவில் துர்கா பூஜைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தெருமுனைகளில் மூங்கில் வந்து இறங்கிவிடும். வங்காளிகள் ‘பேண்டல்’ என்பது நம்முடைய பந்தலைத்தான். துணி, சணல், களிமண், தெர்மோகோல் எல்லாம் சேர்ந்து ஒரு கோயிலோ கோட்டையோ எழும். ஊரே திரண்டு வந்து பார்க்கும். தசமி கழிந்ததும் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். அந்த இடத்தில் மறுபடியும் டீக்கடையும் ரிக்‌ஷாவும் நிற்கும்.

2003இல் அதே ஊரின் செக்டர் ஃபைவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் தரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். மென்பொருள் நிறுவனங்களின் வேலைமுறையை ஐந்து நிலைகளாக அளக்கும் சிஎம்எம்மின் ஐந்தாம் நிலைக்கான அசெஸ்மென்ட், அதாவது மதிப்பீடு, நான்காம் மாதமே வந்தது. நாங்கள் அன்று கட்டியதும் ஒரு பந்தல்தான்.

ஐந்து ப்ராஜெக்ட்டுகளைக் காட்டுவதாக முடிவு. எவை என்று முன்மொழிந்தது நாங்கள், வந்தவர் ஒப்புக்கொண்டார். நன்றாக நடந்த ஐந்தைத்தான் முன்மொழிவோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை மாதம் அந்த ஐந்துக்கும் ‘எவிடென்ஸ்’ சேர்த்தோம். நடந்த ரெவ்யூக்களுக்குக் குறிப்பு இல்லாவிட்டால் குறிப்பு எழுதினோம். நடக்காத சிலவற்றுக்கும் எழுதினோம். வேர்டு கோப்பில் முன்தேதியிட்டு, அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, பைலில் கோத்தோம். ஒரே பேனாவில் எல்லாக் கையெழுத்தும் இருந்தால் சந்தேகம் வருமென்று நீலம், கறுப்பு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தவன் நான். தரக் கொள்கையை லேமினேட் செய்து அடையாள அட்டைக்குப் பின்னால் எல்லோர் கழுத்திலும் மாட்டினோம். பேட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒத்திகை நடந்தது. “கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கூட ஒரு வார்த்தை வேண்டாம்” என்பதுதான் முதல் பாடம்.

ஆனால் இன்றுவரை என் நெஞ்சில் நிற்கிற வேலை வேறொன்று. எக்செல்லில் ஒரு கண்ட்ரோல் சார்ட் வரைந்திருந்தோம். கோட் ரெவ்யூவில் ஆயிரம் வரிக்கு எத்தனை பிழை அகப்பட்டது என்பதை வாரவாரம் புள்ளியாக வைத்து, மேலே ஒரு எல்லைக்கோடு, கீழே ஒரு எல்லைக்கோடு. ஒரு புள்ளி மட்டும் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. என் மேலாளர் அதை விரலால் காட்டினார். ஏன் அப்படி ஆனது என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வரிசையை அழித்தேன். சார்ட் அழகாகிவிட்டது.

எங்களுக்கு ஐந்தாம் நிலை கிடைத்தது. எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்கள். வாசலில் பலகை ஏறியது. அடுத்த வாரம் அந்த பைல்களைப் பெட்டியில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டோம்.

இந்த ஐந்து படிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரம் ஐந்து கட்டமாக முதிர்கிறது என்ற அட்டவணையை 1979இல் பிலிப் கிராஸ்பி தன் புத்தகத்தில் கொடுத்தார். ஐபிஎம்மில் 27 ஆண்டுகள் இருந்த வாட்ஸ் ஹம்ப்ரி, 1986இல் பிட்ஸ்பர்க் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கிய மென்பொருள் பொறியியல் நிறுவனத்துக்குப் போனார். அந்த நிறுவனத்தை 1984இல் நிறுவியது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணம். காலத்துக்கு வந்து சேராத, வந்தாலும் ஓடாத மென்பொருளால் அந்தத் துறை நொந்துபோயிருந்தது. எந்தக் கம்பெனியிடம் வேலையைக் கொடுக்கலாம் என்று கண்டுபிடிக்க ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது. ஹம்ப்ரியும் அவர் சகாக்களும் உருவாக்கிய அளவுகோல் 1991இல் சிஎம்எம் என்ற பெயரில் வெளியானது. முதல் நிலையில் வேலை ஆளின் திறமையை நம்பி ஓடும். இரண்டில் ஒரு ப்ராஜெக்ட் தான் செய்ததைத் திரும்பச் செய்யத் தெரிந்துகொள்ளும். மூன்றில் கம்பெனி முழுக்க ஒரே முறை. நான்கில் அந்த முறையையே எண்களால் அளப்பார்கள். ஐந்தில் அந்த எண்கள் சொல்வதைக் கேட்டு முறையைத் திருத்துவார்கள். ஹம்ப்ரியின் பெயரில் 2000ஆம் ஆண்டு சென்னையில் ஒரு மென்பொருள் தர நிறுவனமே தொடங்கப்பட்டது. அந்தப் பெயருக்கு இந்தியாவில் அத்தனை மதிப்பு இருந்தது.

காரணம் எளிது. கடல் கடந்து, முகம் தெரியாத ஊரில் இருக்கிறவனை நம்பி ஒரு அமெரிக்க வங்கி எப்படி வேலை கொடுக்கும்? பெங்களூரில் மோட்டோரோலாவின் மென்பொருள் மையம் 1990களின் முதல் பாதியிலேயே ஐந்தாம் நிலையைத் தொட்டுவிட்டது. உலகத்தில் அதற்கு முன் அந்த நிலையில் பேசப்பட்டது, விண்வெளி ஓடத்துக்கு மென்பொருள் எழுதிய ஐபிஎம்மின் ஹூஸ்டன் குழு. 1998இல் விப்ரோ, 2004இல் நிறுவனம் முழுவதற்குமாக டிசிஎஸ். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் ஐந்தாம் நிலை நிறுவனங்களில் பாதிக்கும் மேல் இந்தியாவில் இருந்தன.

கொல்கத்தா இந்த ஓட்டத்தில் பிந்தி வந்தது. 1960களில் எல்ஐசி கம்ப்யூட்டர் வைக்க முயன்றபோது ஊழியர்கள் இலாகோ ஹவுஸ் வாசலில் இரவு பகலாகக் காவல் இருந்து தடுத்த ஊர் இது. வேலை போய்விடும் என்ற பயம் பொய்யல்ல. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2000இல் புத்ததேவ் பட்டாச்சார்யா முதல்வரானபோது காற்று திசை மாறியிருந்தது. ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாயில் கொண்டுவந்து உப்பு ஏரியை மேடாக்கி எழுப்பிய சால்ட் லேக்கின் கிழக்கு ஓரத்தில், மின்னணுத் தொழிலுக்கென்று ஒதுக்கியிருந்த ஐந்தாம் செக்டரில், கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. நான் வந்தபோது எஸ்டிஎஃப் சந்திப்பில் இறங்கி, சேறு மிதித்து, கோரைப்புல் ஓரமாக நடந்து ஆபீஸ் போவேன். 2020 பிப்ரவரியில் மெட்ரோ செக்டர் ஃபைவிலிருந்து ஓடத் தொடங்கியது. இப்போது அதே தடம் ஆற்றுக்கு அடியில் புகுந்து ஹவுரா வரை போகிறது. விப்ரோவின் பெயரில் ஒரு நாற்சந்தி, மாநில அரசின் மின்னணு நிறுவனமான வெபெலின் பெயரில் ஒன்று. ஆட்டோக்காரர்கள் கம்பெனிப் பெயரைத்தான் ஊர்ப்பெயர் போலக் கூவுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வாசல் பலகையில் ‘லெவல் ஃபைவ்’ இல்லாத கம்பெனி கொஞ்சம் குனிந்தே நின்றது.

அன்றைய விதிகள் எங்கள் பந்தலுக்கு இடம் கொடுத்தன என்பதையும் சொல்ல வேண்டும். கிடைத்த நிலைக்குக் காலாவதி கிடையாது. ஒரு கட்டடத்தின் ஒரு மாடியை மதிப்பிட்டுவிட்டு, கம்பெனி முழுவதும் ஐந்தாம் நிலை என்று விளம்பரம் கொடுக்கலாம், கேட்பாரில்லை. 2004இல் அமெரிக்காவின் சிஐஓ இதழ், இந்த மதிப்பீடுகள் எப்படி ஊதிப் பெருக்கப்படுகின்றன என்று நீண்ட கட்டுரையே வெளியிட்டது. அதை எங்கள் ஆபீசில் அச்செடுத்துக் கைமாற்றிப் படித்தோம். ஒருவரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பிடி ஒரேயடியாக இறுகவில்லை. சிஎம்எம்மின் இடத்தில் சிஎம்எம்ஐ வந்தது. 2006இல் வந்த அதன் 1.2 பதிப்போடு மதிப்பீட்டு முறையும் மாறியது. கிடைத்த நிலை மூன்று ஆண்டுதான் செல்லும். எந்தப் பிரிவு, எந்த ஊர், எந்தெந்த ப்ராஜெக்ட் என்பதையெல்லாம் அறிக்கையில் எழுதியாக வேண்டும். நான்கு, ஐந்தாம் நிலைகளை மதிப்பிடுகிறவருக்குத் தனித் தகுதிச் சான்று கட்டாயமாயிற்று. புள்ளியியல் தெரியாதவர் இனிமேல் ஐந்தாம் நிலையில் கையெழுத்துப் போட முடியாது. 2010 நவம்பரில் வந்த 1.3 பதிப்பு, அந்த இரு நிலைகளுக்கும் உண்மையில் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக்கியது. சராசரி போட்டுக் காட்டினால் போதாது. ஒரு வேலை இன்னின்ன எல்லைக்குள் நடக்கிறது, இந்தக் காரணியை இப்படி மாற்றினால் முடிவு இப்படி மாறும் என்று முன்கூட்டிக் கணித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் தரப் பிரிவு திணறியது அப்போதுதான். பத்து பேரில் ஒருவருக்கும் திட்ட விலக்கம் என்றால் என்ன என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லத் தெரியாது. ஃபார்முலாவை எக்செல் போடும். புள்ளி ஏன் அங்கே விழுகிறது என்று கேட்டால் விழிப்போம்.

தீர்வு நகரத்தின் வடக்கில் இருந்தது. பாராநகரில் பி.டி. ரோட்டில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு நடத்திய குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் 1931இல் பிரசிடென்சி கல்லூரியின் ஓர் அறையில் தொடங்கியது அந்த நிறுவனம். நாட்டின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் 1956இல் ஓடத் தொடங்கியதும் அங்கேதான். அங்கே போன பிறகுதான் எனக்கு ஒரு செய்தி தெரிந்தது. கண்ட்ரோல் சார்ட்டை 1924இல் முதன்முதலில் வரைந்த வால்டர் ஷூவார்ட், மகாலனோபிஸின் அழைப்பில் 1947 முடிவில் இந்தியா வந்து, இந்த நிறுவனத்தோடு சேர்ந்து சில மாதங்கள் தொழிற்சாலைகளுக்குப் புள்ளியியல் வழித் தரக்கட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஜப்பானின் தர நிபுணர் தாகுச்சி 1950களின் நடுவில் இங்கே வந்து வேலை செய்திருக்கிறார். நான் 2003இல் ஒரு புள்ளியை அழித்தேனே, அந்தப் புள்ளியை எப்படிப் படிப்பது என்பதைக் கண்டுபிடித்தவரே அதற்கு 55 ஆண்டுகளுக்கு முன்பு வந்துபோன ஊரில் உட்கார்ந்துதான் அழித்திருக்கிறேன். அன்று மாலை பாராநகரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது இது என்னை விட்டுப் போகவில்லை.

ஷூவார்ட்டின் பாடம் இவ்வளவுதான்: எந்த வேலையிலும் ஏற்ற இறக்கம் இருக்கும். பெரும்பகுதி அந்த வேலையின் இயல்பு; அதற்காக ஆளைத் திட்டிப் பயனில்லை. எப்போதாவது எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு புள்ளி விழும். அதற்கு மட்டும் தனிக் காரணம் இருக்கும், போய்த் தேடு. அழிப்பதற்குப் பதிலாகத் தேடியிருந்தால் 2003இல் எங்களுக்கு ஏதாவது அகப்பட்டிருக்கும். ரெவ்யூவின் வேகமாக இருக்கலாம். மணிக்கு 200 வரிக்கு மேல் படித்தால் கண் பிழையைத் தவறவிடும் என்று ஹம்ப்ரி தன் தனிமனித மென்பொருள் செயல்முறையில் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வாரம் மட்டும் யாரோ நிதானமாகப் படித்திருக்கலாம். அதனால்தான் அதிகப் பிழை கண்ணில் பட்டிருக்கலாம். அப்படியென்றால் நான் அழித்தது எங்களிடம் இருந்த ஒரே நல்ல வாரத்தை.

இதற்குள் சிஎம்எம்ஐயைக் கவனித்துவந்த சிஎம்எம்ஐ நிறுவனத்தை 2016இல் ஐசாகா என்ற அமைப்பு வாங்கியது. 2018 மார்ச்சில் 2.0 பதிப்பு வந்தது. அதுவரை வந்த எல்லா மாற்றங்களையும்விட அதில் இருந்த ஒரு விதி பெரியது என்பது என் கருத்து. மதிப்பிட வேண்டிய ப்ராஜெக்ட்டுகளைக் கம்பெனி தேர்ந்தெடுக்க முடியாது. வரம்புக்குள் வரும் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கொடுக்க வேண்டும். எந்த ப்ராஜெக்ட்டில் எந்தப் பகுதியைப் பார்ப்பது என்று சிஎம்எம்ஐ நிறுவனத்தின் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும். சில வாரங்களுக்கு முன்புதான் அது தெரியவரும். வீட்டில் கூடத்தை மட்டும் பெருக்கி வைத்திருந்த காலம் போயிற்று. எந்த அறைக் கதவு திறக்கும் என்று தெரியாது. மேலாளர்களும் தப்பவில்லை. தலைமை இதற்கு என்ன நேரம் கொடுத்தது, என்ன பணம் ஒதுக்கியது, எந்த எண்ணைப் பார்த்து என்ன முடிவெடுத்தது என்று அவர்களையும் உட்காரவைத்துக் கேட்கிறார்கள். 2023இல் வந்த 3.0 பதிப்பு தரவு, ஆட்கள், தொலைவிலிருந்து செய்யும் வேலை என்று வரம்பையும் விரித்துவிட்டது.

விதி மட்டும் மாறவில்லை, சாட்சியும் மாறியது. இன்று ரெவ்யூ கிட் சார்ந்த இணையத் தளங்களில் நடக்கிறது. யார் எந்த வரியைப் பார்த்து என்ன சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்பது தானாகப் பதிவாகிறது. வேலைகளைப் பதிவுசெய்யும் ஜிராவில் ஒரு வேலை எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பதை நீலப் பேனாவாலும் கறுப்புப் பேனாவாலும் மாற்ற முடியாது. நான் செய்த வேலையை இன்று ஒரு இளைஞன் செய்ய நினைத்தாலும் வழியில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் இறுகிய பிடியின் சுமை எல்லோர் தோளிலும் ஒரே மாதிரி இறங்கவில்லை. பெரிய கம்பெனிகள் தாங்கிக்கொண்டன. அவற்றிடம் தரப் பிரிவிலேயே நூற்றுக்கணக்கானவர்கள். பல ஆண்டு எண்கள் சேமிப்பில் உண்டு. நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு கொல்கத்தாக் கம்பெனியை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஏழெட்டு ப்ராஜெக்ட், ஒன்று போல் ஒன்று இல்லை. கண்ட்ரோல் சார்ட்டுக்கு நம்பும்படியான எல்லைக்கோடு போடவே புள்ளி போதாது. அங்கே ஐந்தாம் நிலை கேட்பது, பத்து செண்ட் நிலத்துக்காரனிடம் டிராக்டர் இருக்கிறதா என்று கேட்பது. இருந்தும் அரசு டெண்டர்களில் மூன்றாம் நிலைக்கு இத்தனை மதிப்பெண், ஐந்தாம் நிலைக்கு இத்தனை என்று தொழில்நுட்பப் பகுதியில் எழுதி வைக்கிறார்கள். ஒரு மாவட்ட அலுவலகத்துக்கு விண்ணப்பப் பதிவு மென்பொருள் எழுத ஐந்தாம் நிலை எதற்கு? யோசிக்காமல் பழைய டெண்டரிலிருந்து நகலெடுத்த வரி அது. அந்த ஒரு வரியால்தான் ‘மூன்றே மாதத்தில் லெவல் ஃபைவ்’ என்று விற்கும் ஆலோசகர்கள் இன்னும் பிழைக்கிறார்கள். பிடியை இறுக்கியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தேவையில்லாத இடத்தில் உச்ச நிலையைக் கேட்கிறவர்கள் மேல் இருக்கிறது.

ஒரு நல்லது: நிலை பெற்ற கம்பெனியின் பெயரும் காலாவதித் தேதியும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. டெண்டர் குழுவில் இருப்பவர் இரண்டு நிமிடம் ஒதுக்கினால், சான்றிதழ் உண்மையா, எந்தப் பிரிவுக்கு, எதுவரை என்று பார்த்துவிடலாம். பார்க்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

இப்போது நான் அப்ரைசல் என்கிற மதிப்பீட்டுக் குழுக்களில் உட்காருகிறேன். கம்பெனிகளைத் தயார்படுத்தவும் போகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கம்பெனியின் முதலாளி, ஐந்துக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவரோடு ஒரு வாரம் உட்கார்ந்து அவருடைய எண்களைப் பார்த்தேன். கடைசி நாள், “தாதா, நம்மிடம் இருப்பது மூன்று. அதை மூன்று என்றே சொல்லுவோம்” என்றேன். வருத்தப்பட்டார். ஆனால் கேட்டார். மூன்றாம் நிலைக்குப் போனார்கள், குலுக்கலில் விழுந்த ப்ராஜெக்ட்டுகளோடு, ஒரு பைலும் புதிதாக எழுதாமல். அந்த ஆண்டு ஒரு டெண்டர் மதிப்பெண் குறைவால் கைநழுவியது. அவர் அதை என்னிடம் சொன்னபோது எனக்குப் பதில் இல்லை.

போன குளிர்காலத்தில் வேறொரு கம்பெனி, பெரியது, ஐந்தாம் நிலையைப் புதுப்பிக்க இருந்தது. குலுக்கலில் வந்தவற்றில் ஒன்று யாரும் எதிர்பார்க்காத ப்ராஜெக்ட். நான்கு பேர், இரவு ஷிப்ட், ஒரு பழைய காப்பீட்டு மென்பொருளுக்குப் பராமரிப்பு. தரப் பிரிவில் இருந்தவர்கள் முகம் வெளுத்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். குழுவை நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும்; பாராசாத்திலிருந்து வந்து போகிறவர். கண்ட்ரோல் சார்ட்டைத் திரையில் திறந்து என் பக்கம் திருப்பினார். வரும் புகாரை எத்தனை மணி நேரத்தில் தீர்த்தார்கள் என்ற கணக்கு. புள்ளிகள் எல்லாம் கோடுகளுக்குள் ஒழுங்காக ஓடின. 2025 செப்டம்பர் நான்காம் வாரத்தில் மட்டும் ஒரு புள்ளி மேல்கோட்டைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் ஒரு குறிப்பு.

செப்டம்பர் 23. பூஜைக்கு முந்தைய வாரம். ஒரே நாளில் சுமார் 250 மில்லிமீட்டர் மழை கொட்டி, ஊர் மூழ்கி, தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் செத்துப்போன நாள். நான்கு பேரில் மூன்று பேர் ஆபீசுக்கு வர முடியவில்லை. வீட்டில் கரண்ட் இல்லை. நான்காமவர் ஒற்றையாளாகப் பார்த்திருக்கிறார். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி: அதன்பின் மற்றொரு ஊரில் இருக்கும் குழுவில் இருவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தோம். அக்டோபர் கடைசியில் மறுபடி பெருமழை பெய்தால் என்று ஒருநாள் ஒத்திகை பார்த்தோம்.

“அப்ரைசலுக்கு முன்னால் இந்தப் புள்ளியை எடுத்துவிடச் சொல்லி யாரும் சொல்லவில்லையா?” என்று கேட்டேன்.

அவருக்கு நான் கேட்டது புரியவில்லை. “எடுத்துவிட்டால், தாதா, இந்த இரண்டு வரியை எதற்குப் பக்கத்தில் எழுதுவது?” என்றார்.